வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடரும் விற்பனை அழைப்புகள்: எதைச் சொன்னால் நிற்கும்?

ஒரு நிறுவனத்தின் விற்பனை அழைப்புக்கு "வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அங்கிருந்தே மீண்டும் மீண்டும் அழைப்பு வருகிறது. மரியாதையாகப் பேசினால் பேச்சு நீண்டுகொண்டே போகிறது, கடுமையாகப் பேசினால் பேசியவருக்கே மனம் சங்கடப்படுகிறது. எதைச் சொன்னால்தான் விடுவார்கள் என்பது கேள்வி. தொலைபேசி விற்பனை மையம் ஒன்றில், பதிவான உரையாடல்களைக் கேட்டு மதிப்பிடும் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், அந்த முனையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாதவரை, நாம் சொல்லும் மறுப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பது புரியாது.

நீங்கள் இதுவரை மறுத்திருப்பது பொருளைத்தான். அழைப்பை இன்னும் மறுக்கவில்லை. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், விற்பனை மையத்தின் கணினியில் அவை வெவ்வேறு இடங்களில் பதிவாகின்றன.

பெரும்பாலான மையங்களில் டெலிகாலர் தன் கையால் எண்ணை அழுத்துவதில்லை. கணினியே பட்டியலிலிருந்து எண்களை எடுத்து அழைத்து, யாரேனும் எடுத்தவுடன் இணைப்பை அப்போது ஓய்வாக இருக்கும் ஊழியருக்கு மாற்றிவிடுகிறது. பேச்சு முடிந்ததும், அடுத்த அழைப்பு வந்து விழுவதற்குள், இந்த அழைப்பு எப்படி முடிந்தது என்பதை ஊழியர் திரையில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை, தவறான எண், இணைப்பு துண்டிக்கப்பட்டது, பிறகு அழைக்க வேண்டும், விருப்பமில்லை, இனி அழைக்கக் கூடாது என்பவை போன்ற சில தெரிவுகள் அங்கே இருக்கும். மையத்துக்கு மையம் பெயர்கள் மாறலாம், ஏற்பாடு ஏறத்தாழ இதுதான். நீங்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு விளக்கமாகப் பேசியிருந்தாலும், உங்கள் எண் அடுத்து என்ன ஆகும் என்பதை அந்த ஒரு தேர்வே முடிவு செய்கிறது.

"வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்", "வீட்டில் கலந்து பேச வேண்டும்", "அப்புறம் பார்க்கலாம்" என்று நாகரிகத்துக்காகச் சொல்லும் பதில்கள் அனைத்தும் "பிறகு அழைக்க வேண்டும்" என்ற தெரிவுக்குள் போகின்றன. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கணினி உங்கள் எண்ணைத் தானாகவே எடுத்துக் கொடுக்கும். "எனக்கு ஆர்வமில்லை", "வேண்டாம்" என்று சொன்னால் "விருப்பமில்லை" என்று பதிவாகும். அந்த எண் சில வாரங்களோ சில மாதங்களோ கிடப்பில் இருந்துவிட்டு, புதிய சலுகை ஒன்று அறிவிக்கப்படும்போது மறுபடியும் பட்டியலுக்கு வந்துவிடும், ஏனென்றால் இன்று விரும்பாதவர் நாளை விரும்பலாம் என்பது விற்பனைத் துறையின் கணக்கு. பேசாமல் வைத்துவிட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, அன்றைக்கே மறுபடியும் அழைப்பு வரலாம். "இனி அழைக்கக் கூடாது" என்ற கடைசித் தெரிவு மட்டுமே உங்கள் எண்ணை அந்தச் சுழற்சியிலிருந்து வெளியே எடுக்கிறது. நேற்று உங்களிடம் திட்டு வாங்கியவர் ஒருவர், இன்று அழைப்பவர் வேறொருவர், நீங்கள் ஏற்கெனவே மறுத்தது இவருக்குத் தெரியவே தெரியாது என்ற நிலை உண்டாவது இப்படித்தான்.

ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "எனக்கு இது வேண்டாம். என் எண்ணை இனி அழைக்கக் கூடாத எண்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்." பலரும் இந்த இடத்தில் "என் எண்ணை நீக்கிவிடுங்கள்" என்கிறார்கள். அதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. எண்ணை வெறுமனே அழித்துவிட்டால், நீங்கள் மறுத்தீர்கள் என்பதற்கான தடயமும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும். அடுத்த மாதம் அந்த நிறுவனம் வெளியிலிருந்து வாங்கும் புதிய பட்டியலில் அதே எண் இருந்தால், கணினிக்கு அது முற்றிலும் புதிய எண். தடைப்பட்டியலில் எண்ணை வைத்திருந்தால், புதிதாக வரும் ஒவ்வொரு பட்டியலையும் அதனுடன் ஒப்பிட்டு உங்கள் எண்ணை ஒதுக்கிவிட முடியும். ஆகையால் அழிக்கச் சொல்லாமல், அழைக்கக் கூடாத எண்ணாகப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக, காரணம் சொல்லாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் கேட்ட பதிவுகளில் நீண்டுபோன உரையாடல்கள் அநேகமாக எல்லாமே வாடிக்கையாளர் சொன்ன ஒரு காரணத்திலிருந்து நீண்டவை. ஊழியரின் முன்னால் இருக்கும் ஸ்கிரிப்டின் பெரும்பகுதி பொருளைப் பற்றியது அல்ல. மறுப்புகளையும் அவற்றுக்கான பதில்களையும் பற்றியது. உரையாடல் இப்படிப் போகும்:

"இப்போது கையில் பணமில்லை."

"முதல் மூன்று மாதம் கட்டணமே கிடையாது சார், இப்போது பெயரை மட்டும் பதிவு செய்தால் போதும்."

"ஏற்கெனவே இதேபோல் ஒன்று வைத்திருக்கிறேன்."

"ரொம்ப நல்லது சார். அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று சொன்னீர்கள் என்றால், வித்தியாசத்தை நானே எடுத்துச் சொல்கிறேன்."

"மனைவியிடம் கேட்க வேண்டும்."

"மேடம் எப்போது இருப்பார்கள் சார்? நானே அவர்களிடம் விளக்கிவிடுகிறேன்."

இந்த மூன்று பதில்களில் எதுவும் அந்த ஊழியர் அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னது அல்ல. மூன்றும் எழுதிக் கொடுக்கப்பட்டவை. நீங்கள் உண்மையான காரணத்தை நேர்மையாகச் சொல்கிறீர்கள். எதிர்முனையில் அது கடக்க வேண்டிய ஒரு தடையாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. "எனக்கு வேண்டாம்" என்பதற்கு மட்டும் எழுதிவைக்கக்கூடிய நல்ல பதில் கிடையாது. "ஏன் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டு உங்களிடமிருந்து ஒரு காரணத்தை வரவழைக்கப் பார்ப்பதுதான் அவர்களால் முடிந்தது. அதற்கும் முதலில் சொன்ன வாக்கியத்தையே, குரலை உயர்த்தாமல், அதே சொற்களில் திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். சொற்களை மாற்றிச் சொன்னால் அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள்.

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு "ஆமாம்" சொல்வதிலும் கவனம் தேவை. ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1966-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தொலைபேசி வழியாகவே நடத்தப்பட்டது என்பதால் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இல்லத்தரசிகளை அழைத்து, வீட்டில் பயன்படுத்தும் பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கேட்டார்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் அழைத்து, ஐந்தாறு ஆண்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மணிநேரம் அலமாரிகளையெல்லாம் திறந்து பொருள்களைக் கணக்கெடுக்க அனுமதிப்பீர்களா என்று கேட்டார்கள். முதலில் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் இதற்கும் ஒப்புக்கொண்டார்கள். முன்பின் அழைக்காமல் நேரடியாக இதையே கேட்கப்பட்டவர்களில் ஒப்புக்கொண்டவர்கள் கால்வாசிக்கும் குறைவு. "ஒரே ஒரு நிமிடம் பேசலாமா?", "குடும்பத்தின் பாதுகாப்பு முக்கியம்தானே?" என்பவை போன்ற கேள்விகளுடன் விற்பனைப் பேச்சு தொடங்குவது தற்செயல் அல்ல.

எதிர்த்திசையில் செல்லும் உத்தியும் உண்டு. ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, யாரும் ஏற்க மாட்டாத பெரிய கோரிக்கையை முதலில் வைத்து, அது மறுக்கப்பட்டதும் சிறியதற்கு இறங்கிவந்தால், அந்தச் சிறியதை நேரடியாகக் கேட்டபோது கிடைத்ததைவிட மிகுதியான சம்மதம் கிடைத்ததைக் காட்டியது. ஆண்டுத் திட்டம் வேண்டாம் என்றதும் மாதத் திட்டம், அதுவும் வேண்டாம் என்றதும் இலவசச் சோதனை என்று இறங்கிவருவது இந்த வகை. அவர்கள் இறங்கிவந்துவிட்டார்களே, நாமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று மனம் இளகும் அந்தக் கணத்தை அடையாளம் கண்டுகொண்டால் போதும். நீங்கள் கேட்காத ஒன்றை ஒருவர் குறைத்துத் தருவதற்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டவர் அல்ல.

மனச் சங்கடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழைப்பவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில், டார்கெட்டின் அழுத்தத்தில், மேற்பார்வையாளர் எந்த நேரமும் ஒட்டுக்கேட்கக்கூடிய நிலையில் வேலை செய்பவர். பல மையங்களில் அவர் தானாக அழைப்பை முடிக்கக் கூடாது; முதல் மறுப்பிலேயே விட்டுவிட்டால் மதிப்பெண் குறையும். நீங்கள் "வேண்டாம்" என்ற பிறகும் அவர் விடாமல் பேசுவதற்குத் தனிப்பட்ட துடுக்குத்தனம் காரணம் இல்லை என்பதையும், அழைப்பை முடிக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அவர் "சரி சார்" என்று சொல்லி விடைகொடுக்கும்வரை காத்திருப்பது மரியாதை போலத் தோன்றும். ஆனால் விற்பனை நடக்காத அழைப்பில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கும் நஷ்டம்தான். கோரிக்கையைச் சொல்லி, நன்றி சொல்லி, உடனே வைத்துவிடுவதே இருவருக்கும் நல்லது.

இதே காரணத்தால், கத்துவதையும் கேலி செய்வதையும் நேரத்தை வீணடிப்பதற்காகவே பேச்சுக் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட நேரம் பேசியவர் ஆர்வமுள்ளவர் என்று கருதப்பட்டு, அவருடைய எண் மேலும் முக்கியத்துவம் பெறக்கூடும். திட்டு வாங்கிய ஊழியர் மனம் கசந்து, "இனி அழைக்கக் கூடாது" என்பதற்குப் பதிலாக "பிறகு அழைக்க வேண்டும்" என்று பதிந்துவிட்டுப் போவதும் நடக்காத ஒன்று அல்ல.

ஆனால் ஒழுங்காகச் சொல்லியும் மறுபடியும் அழைப்பு வந்தால், அதற்கு மேல் வாய்வார்த்தையை நம்பியிருக்க வேண்டாம். முதல் அழைப்பிலிருந்தே நாள், நேரம், அழைத்த எண், நிறுவனத்தின் பெயர், பேசியவர் சொன்ன பெயர் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது. அடுத்த முறை, "இன்ன தேதியில் இன்ன நேரத்தில் அழைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், மேற்பார்வையாளரிடம் இணையுங்கள்" என்று சொல்லும்போது பேச்சின் தொனியே மாறிவிடும். அத்துடன், நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்திருக்கும் குறைதீர்ப்பு அல்லது தரவுப் பாதுகாப்பு முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் எண் இது. இந்த நாள்களில் இந்த எண்களிலிருந்து அழைப்பு வந்தது. இந்த நாளில் மறுத்தேன். விற்பனை நோக்கத்துக்காக என் எண்ணைப் பயன்படுத்த முன்பு எப்போதேனும் சம்மதம் தந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். என் எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தெரிவியுங்கள். உங்கள் சார்பில் விற்கும் முகமைகளுக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள். இவ்வளவு எழுதினால் போதும்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். உங்களை அழைப்பவர் பல நேரங்களில் அந்த நிறுவனத்தின் ஊழியரே அல்லர். தரகுக்காக விற்றுக்கொடுக்கும் முகமை ஒன்றின் ஊழியர். ஒரே பொருளை நான்கைந்து முகமைகள் தனித்தனிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு விற்கும்போது, ஒரு முகமையிடம் சொன்ன மறுப்பு மற்றவற்றுக்குப் போய்ச் சேராது. பொருளுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தால்தான் அனைத்து முகமைகளுக்கும் தடை போக வழியுண்டு. எண் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: விலை ஒப்பீட்டுத் தளத்திலோ பரிசுப் போட்டியிலோ, படிக்காமல் குறியிட்ட ஒரு சிறு பெட்டியில் "எங்கள் கூட்டாளிகளும் தொடர்புகொள்ளலாம்" என்று சம்மதம் தந்திருப்போம். அந்த மூலத்தை அடைக்காவிட்டால், ஒரு நிறுவனம் நின்றாலும் அடுத்தது தொடங்கும்.

சட்டத்தின் துணையும் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1991-இல் வந்த சட்டம் இதற்கு அடித்தளமிட்டது; 2003-இல் தேசிய அளவில் "அழைக்காதே" பதிவேடு தொடங்கப்பட்டது. பதிவு செய்த 31 நாள்களுக்குப் பிறகும் விற்பனை அழைப்பு வந்தால் புகார் கொடுக்கலாம். ஒரே நிறுவனம் விதியை மீறி 12 மாதங்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழைத்தால், அழைப்புக்கு 500 டாலர் வரை கேட்டு வழக்குத் தொடரவும் அந்த 1991 சட்டம் இடமளிக்கிறது. பிரிட்டனில் இதே நோக்கத்துக்கான பதிவேட்டில் சேர்ந்தால் 28 நாள்களில் முழுமையாக நடைமுறைக்கு வரும். சிங்கப்பூரில் 2014 முதல் இத்தகைய பதிவேடு உண்டு. இந்தியாவில் 1909 என்ற எண்ணின் வழியாக, விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்ற விருப்பத்தைப் பதிவு செய்யலாம், புகாரும் தரலாம். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்த 7 நாள்களுக்குள் புகார் தந்தால் போதும், அழைத்தவர் முறையாகப் பதிவு பெறாத விற்பனையாளராக இருந்தால், முன்பே விருப்பத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதியின் 21-ஆம் பிரிவு, நேரடி விற்பனைக்காகத் தன் விவரங்களைப் பயன்படுத்துவதை எவரும் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்கிறது. ஆட்சேபித்த பிறகு நிறுவனம் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

இந்தப் பதிவேடுகளில் சேர்ந்தும் அழைப்பு வருகிறதே என்று பலர் வருந்துகிறார்கள். அதற்கு ஒரு காரணம், ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் உறவு. அமெரிக்க விதியின்படி, ஒரு நிறுவனத்திடம் ஏதேனும் வாங்கியிருந்தால் 18 மாதங்கள் வரையும், விசாரித்திருந்தால் 3 மாதங்கள் வரையும், பதிவேட்டில் உங்கள் எண் இருந்தாலும் அவர்கள் அழைக்கலாம். ஆனால் "இனி அழைக்காதீர்கள்" என்று அந்த நிறுவனத்திடமே சொல்லிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அரசுப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், அழைக்கும் நிறுவனத்திடம் நேரடியாகவும் மறுக்க வேண்டும் என்பதை இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவை அனைத்தும், பெயரும் முகவரியும் உள்ள, சட்டத்துக்கு அஞ்ச வேண்டிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். மோசடிக் கும்பலுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் மழுப்புவது, இன்றைக்குள் முடிவெடுக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று அச்சுறுத்துவது, ஓடிபி கேட்பது, ஏதேனும் செயலியை நிறுவச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேலே சொன்ன வாக்கியத்தைக்கூடச் சொல்ல வேண்டாம், வைத்துவிடுங்கள். பதிவு செய்யப்பட்ட குரல் மட்டும் பேசி, "இந்த அழைப்புகள் வேண்டாமென்றால் 9-ஐ அழுத்துங்கள்" என்றால் எதையும் அழுத்தாதீர்கள், ஏனென்றால் இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், பேச்சைக் கேட்கிறார் என்பதை அழுத்துவதன் மூலம் நீங்களே உறுதிப்படுத்துகிறீர்கள். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வந்த மிஸ்டு காலுக்குத் திருப்பி அழைப்பதும் அப்படித்தான்.

எடுத்ததும் இரண்டொரு விநாடி அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு குரல் வந்தால், அது கணினி வழி விற்பனை அழைப்பு என்பதற்கு நல்ல அடையாளம். இருக்கும் ஊழியர்களைவிட அதிகமான எண்களைக் கணினி ஒரே நேரத்தில் அழைப்பதால், ஆள் கிடைக்கும்வரை உங்கள் இணைப்பு காத்திருக்கிறது; ஆள் கிடைக்காவிட்டால் தானாகத் துண்டிக்கப்படும். எடுத்தால் யாரும் பேசாத அழைப்புகளைக் கண்டு, யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று தனியாக இருப்பவர்கள் அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் காரணம் இந்த இயந்திர ஏற்பாடுதான்.

எண்ணை பிளாக் செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்யலாம், ஆனால் மையங்கள் பல எண்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் அதன் பயன் குறுகியது. தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களை ஒலியின்றித் தள்ளிவிடும் வசதி இப்போது பல கைப்பேசிகளில் இருக்கிறது. மருத்துவமனை, கூரியர், பிள்ளைகளின் பள்ளி என்று அறியாத எண்களிலிருந்து வரும் அவசிய அழைப்புகளும் அதில் அடைபட்டுவிடும் என்பதால், அழைப்புகள் தாங்க முடியாத அளவுக்குப் போகும் நாள்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவேளை, பேச்சின் வேகத்தில் "சரி" என்று சொல்லிவிட்டவராக இருந்தால், அழைத்தவரையே திரும்பத் தேடிப் பிடித்து வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். தொலைபேசி வழியாகச் செய்த ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் ரத்து செய்யப் பல நாடுகளின் சட்டங்கள் கால அவகாசம் தருகின்றன; ஐரோப்பிய ஒன்றியத்தில் அது பொதுவாக 14 நாள்கள். அமெரிக்காவின் மூன்று நாள் விதி முழுவதுமாகத் தொலைபேசியில் நடந்த விற்பனைக்குப் பொருந்தாது என்பதால், அங்கே நிறுவனத்தின் சொந்த ரத்து விதிகளைப் பார்க்க வேண்டும். எங்கே இருந்தாலும், ரத்து செய்வதை அன்றைக்கே எழுத்தில் தெரிவித்து, தானியங்கிப் பணப்பிடிப்புக்கு அனுமதி தந்திருந்தால் அதை வங்கியிலும் நிறுத்திவையுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடன் இதைப் பேசிவைப்பது அவசியம். நீங்கள் மறுத்த அழைப்பு, நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் அம்மாவிடமோ அப்பாவிடமோ போய்ச் சேரும். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள், பேசியவர் கனிவாக இருந்ததாலேயே மறுக்க முடியாமல் தவிப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அடுத்த முறை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். "தொலைபேசியில் நான் எதையும் வாங்குவதில்லை, இந்த எண்ணுக்கு இனி அழைக்க வேண்டாம்" என்ற ஒரே வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். பார்த்துப் படிக்க ஒரு வாக்கியம் கண்ணெதிரே இருந்தால், மறுப்பதற்குச் சொல் தேடித் தடுமாற வேண்டியிருக்காது. படித்து முடித்ததும் வைத்துவிடலாம் என்பதை நீங்களே ஒருமுறை அவர்களுடன் ஒத்திகை பார்த்துக் காட்டுங்கள்.